மடைகாத்தாளுக்கு ஆட்சேபணை இல்லை

குற்றாலத்தில் இறங்கிய அரைமணி நேரத்துக்குள் ரம்புட்டான் விற்கிறவரோடு சண்டை போட்டுவிட்டேன். பத்துப் பழத்தை ஒரு கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு நகைக்கடை விலை சொன்னார். "எங்க ஊர்ல இது கொல்லையில விழுந்து அழுகும். பெருக்கித் தள்ள ஆள் கிடைக்காது" என்றேன். "அப்பம் அங்கனயே இருந்து தின்னுங்க. இங்கன எதுக்கு வாரிய?" என்றார். பதில் பிடித்துப்போனதால் ஒரு கொத்து வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் தைப்பிங். அங்கேயும் மழை, மலை, அருவி எல்லாம் உண்டு. அதனால் சீசனுக்காக வந்தவள் இல்லை நான். மூன்றாவது நாவலை மீட்டுக்கொண்டு போக வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஒருவர் வாயைக் கொப்பளித்து எழுந்து போய், அடுத்தவர் வந்து உட்காருகிற இடைவெளிகளில் எழுதி எழுதியே இரண்டு மாயப்புனைவு நாவல்களை முடித்தேன். இரண்டுக்கும் நாயகி மடைகாத்தாள் என்ற தெய்வம். குளத்தங்கரை உடைந்துகொண்டே இருந்ததென்று மடையில் வைத்து உயிரோடு கட்டப்பட்ட ஒரு பெண். செத்துத் தெய்வமானவள். முதல் பாகத்தில் அவள் மடையை விட்டு எழுந்து, கப்பலேறிய தன் பிறந்தவீட்டாரின் பின்னால் கடலடியில் நடந்தே மலாயாவுக்கு வருகிறாள். இரண்டாம் பாகத்தில் ஈயச் சுரங்கக் குழிகளின் ஆவிகளோடு மோதுகிறாள். மூன்றாம் பாகத்தில் ஊருக்குத் திரும்பிவந்து, தன்னைக் கொன்றவர்களிடம் கணக்குத் தீர்க்கிறாள்.

மூன்றாம் பாகம் பக்கம் கட்டி அச்சுக்குத் தயாராக இருந்தபோது, தென்காசிப் பக்கத்திலிருந்து பதிப்பாளருக்குக் கடிதம் போயிற்று. எழுதியவர் மடைகாத்தாள் கோயிலின் தர்மகர்த்தா. எங்கள் அம்மனை அவமதித்துவிட்டார்கள், வழக்குப் போடுவோம் என்று இரண்டு பக்கம். பதிப்பாளர் பயந்துவிட்டார். "ஆட்சேபணை இல்லைன்னு அவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா மூணாவது பாகம் நம்மால முடியாது" என்றார். எட்டு வருட உழைப்பு. கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் மாலை மெயினருவிக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் வரிசை நின்று, நனைந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி முன்னால் வைப்பதற்குள் தண்ணீர் கூடிவிட்டதென்று விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். எனக்குப் பக்கத்தில் புனலூரிலிருந்து வந்த ஒரு அம்மா தலையில் எண்ணெயோடு நின்று மலையாளத்தில் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "நம் வீட்டிலேயே ஒரு வாரமாக மழை கொட்டுகிறது. முற்றத்தில் நின்றிருந்தால் இந்நேரம் குளித்து முடித்திருப்பேன்" என்பது அதன் சாரம். அவருக்குப் பாதி ரம்புட்டானைக் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிரானூர் பக்கம் போய், சால்னாவில் ஊறிய பரோட்டாவை நாலாவது முறையும் கேட்டு வாங்கினேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது.

மறுநாள் காலை மேலகரத்தில் தர்மகர்த்தா வீடு. சங்கரபாண்டி அண்ணாச்சி, போலீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். அறுபத்தைந்து வயதுக்கு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கோமதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"உங்க புஸ்தகத்த எம் மருமகன் போன்ல வாசிச்சுக் காட்டுனாரு, மேடம்" என்றார் அண்ணாச்சி. "அம்மனைப் போயி செத்த பொண்ணுன்னு எழுதிருக்கீய. மடையில வச்சுக் கெட்டுனாவன்னு எழுதிருக்கீய. எங்களுக்கு எப்படி இருக்கும்?"

எழுந்துபோய் ஒரு சிறு புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். வழவழப்பான அட்டை போட்ட தலவரலாறு, எட்டுப் பக்கம். அதன்படி கயிலாயத்தில் இருந்த பார்வதி, குளத்து நீர் வீணாவதைக் கண்டு மனமிரங்கி, தானே இறங்கிவந்து மடையருகில் நின்றுவிட்டாள். கொலையும் இல்லை, கொன்றவர்களும் இல்லை.

"இது எந்த ஏட்டுல இருந்தது, அண்ணாச்சி?"

"மெட்ராஸ்ல ஒரு புலவர்ட்டச் சொல்லி எழுதி வாங்குனது. நல்லா எழுதுவாரு."

"அப்படின்னா அவரும் என் தொழில்தான் பண்றாரு. நான் அட்டையில நாவல்னு போட்டுக்கிறேன், அவர் போடல" என்றேன். கதவருகில் கோமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தோட்டக் கடைசியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மடைகாத்தாள் இருந்தாள். எங்கள் பூட்டன், அப்பாவின் தாத்தா, ஊரிலிருந்து கிளம்பும்போது கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி மடியில் கட்டிக்கொண்டுவந்து வைத்தாராம். அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்த மண் போன இடத்துக்குத் தெய்வமும் போகும் என்பது நம்பிக்கை. வருடத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் படையல் பொங்கித் தோட்டத்துக்கே போடுவோம். ஆனால் நாங்கள் ஒரு பருக்கை தொடமாட்டோம். ஏன் என்று கேட்டால் அப்பா சொல்வார்: "பொண்ணக் கட்டிக் கொடுத்தவங்க, அவளுக்குக் குழந்தை பிறக்கிறவரைக்கும் அவ வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. இவ நம்ம வீட்டுப் பொண்ணு. குழந்தையே பெறாமப் போயிட்டா. அதனால நாம எப்பவுமே அவ சோத்துல கை நனைக்கக்கூடாது."

எட்டு வயதில் இதைக் கேட்டு அன்று முழுவதும் அழுதேன். தெய்வம் என் அத்தையாகவோ சித்தியாகவோ ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யார் வம்பு செய்தாலும் எங்கள் வீட்டுப் பெண் மடையிலிருந்து எழுந்துவருவாள் என்று நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அதுதான் என் முதல் எழுத்து. பிறகு எழுதத் தொடங்கியபோது இலக்கியக்காரர்கள், "தோட்டத்து மக்களின் கண்ணீரை எழுதுங்கள், பேய்க்கதை எதற்கு?" என்றார்கள். பக்திமான்கள், "சாமியை வைத்து விளையாடாதே" என்றார்கள். இரண்டு கூட்டமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: உனக்குக் கொடுத்ததை மட்டும் எழுது. நான் கொடுக்காததை எழுதினேன். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுத எவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்கிற திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தத் திமிரோடுதான் அண்ணாச்சியிடம் பிடிமண் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பிடிமண் குடுத்தது யாரு? எங்க வீட்டு ஆம்பள கையால அள்ளிக் குடுத்தாத்தான் அது பிடிமண்ணு. வேற எவனும் அள்ளுனா களவு. கடல் தாண்டிப் போனவுகளுக்கு எங்க அம்மன்ட்ட என்ன பாத்தியதை இருக்கு?"

பிறகு தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். நாவலின் முதல் பக்கத்தில் அச்சாக வேண்டியது. இந்நூலில் வரும் தெய்வத்துக்கும் அருள்மிகு மடைகாத்த அம்மனுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை, யாவும் என் கற்பனை, தவறுக்கு வருந்துகிறேன். கீழே நான் கையெழுத்துப் போட இடம். அதோடு கடைசி அத்தியாயத்தில் அம்மன் கோபம் தணிந்து, மடைக்கே திரும்பிப்போய் நின்றுவிடவேண்டுமாம். "சாந்தமாயிருதான்னு முடிச்சிருங்க. கடுதாசிய இன்னைக்கே தாரேன்" என்றார்.

"அவளை யார் கட்டினதுன்னு மட்டும் சொல்லிடுங்க, போடறேன்" என்றேன்.

"நாளைக்கு மதியக் கொடைக்கு வாங்க. அம்மன் சந்நிதியில வச்சுப் பேசிக்கிடுவோம்" என்று எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் கொடை, அதாவது கோயில் திருவிழா. கோயில் அச்சன்புதூர் தாண்டி ஒரு குளத்தங்கரையில் இருக்கிறது. தென்காசி பேருந்து நிலையத்தில் அச்சன்புதூர் என்று பலகை மாட்டியிருந்த பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, சாரலில் அசந்துவிட்டேன். கண் விழித்தால் சுரண்டையை நெருங்கிக்கொண்டிருந்தோம். நடத்துநர் முந்தின நடைப் பலகையைத் திருப்பிப் போட மறந்துவிட்டாராம். "எல்லாருக்கும் வண்டி தெரியும், பலகைய யாரு பாக்கா?" என்று என்னைக் குறை சொன்னார். பலகையை நம்பி ஏறிய ஒரே பயணி நான். எங்கள் ஊரிலும் பேருந்துகள் ஏமாற்றும், ஆனால் வராமலே இருந்து ஏமாற்றும்.

சுரண்டைச் சந்தையில் திருதிருவென்று நின்றேன். வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோக்காரர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "ஏறுங்க. இந்த இலையே அந்தக் கொடைக்குத்தான் போவுது" என்றார். பெயர் சாகுல். பதினாறு வருடம் சவுதியில் தம்மாமில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அங்கே அவருக்கு ஒரு மலேசிய முதலாளி இருந்தாராம். அந்த முதலாளி செய்த தப்புக்கெல்லாம் வழி நெடுக என்னிடம் விளக்கம் கேட்டார்.

"கொடை எலை எப்பவும் எங்க கடைதான். எங்க வாப்பா காலத்துலருந்து" என்றார். "மொத எலை கீழத்தெருவுக்கு. அது மாறவே மாறாது. தர்மகர்த்தாவே அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு கூப்பிடணும்."

"கீழத்தெருவுக்கு ஏன்?"

"அம்மன் அந்தத் தெருப் பொண்ணுல்லா" என்றார் சாகுல், சாலையைப் பார்த்துக்கொண்டே. எட்டுப் பக்கத் தலவரலாற்றை ஒரு இலைக்காரர் ஒரே வரியில் காலி செய்துவிட்டதில் எனக்கு ஏகக் குஷி.

அப்படியென்றால் நானும் கீழத்தெருக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு ஒரு மணி நேரம்தான் நின்றது.

கோயிலில் மேளமும் ஒலிபெருக்கியும் போட்டிபோட்டன. சந்நிதி முன்னால் படையல்: பச்சரிசிச் சோறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, கருவாட்டுக் குழம்பு. பார்வதிக்கு எந்த ஊரிலும் கருவாடு படைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்திலும் இதே நாலும்தான், கருவாடு மட்டும் நெத்திலி. கிட்டப்போய் நின்று அந்த வாசனையை இழுத்துக்கொண்டேன். பத்து வருடத்துக்கு முன்னால் இறந்த அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தகரக் கொட்டகையில் சோறு வடித்தது நினைவுக்கு வந்தது.

சாகுல் சொன்னபடியே கீழத்தெரு ஆட்கள் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். கோமதியும் வீட்டுப் பெண்கள் இரண்டுபேரும் பரிமாறினார்கள். என்னைக் கண்டதும் கோமதி, "வாங்கம்மா, உக்காருங்க, பசியா இருக்கும்" என்று ஓர் இலையை விரித்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "எங்க வீட்டுல நாங்க படையல் பொங்குவோம். ஆனா அவ சோத்துல கை நனைக்க மாட்டோம்."

கோமதி கரண்டியைச் சோற்றுப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டார். முதல் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பொங்குததும் நீங்கதானா?" என்றார் கோமதி.

"ஆமா. நாங்கதான்."

"ஒரு பருக்கைகூடத் திங்க மாட்டியளா? ஆம்பளைகளும்?"

"யாருமே."

என் கையைப் பிடித்துச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "இங்க பாருங்க, அம்மனோட ஆளுக அதோ மொத வரிசையில உக்காந்து திங்காவ. அவுகளுக்குத்தான் மொத உரிமை. பொங்கிப் போட்டுட்டுத் திங்காம இருக்கது இந்த ஊர்ல ஒரே ஒரு வீடுதான். எங்க வீடு. அவள மடையில வச்சுக் கெட்டுன வீட்டு ஆளுக அவ சோத்துல கை நனைக்கப்பிடாது. எம் மாமியா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அடுப்புப் புகையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். பிடிமண்ணை அந்த வீட்டு ஆண் கையால்தான் அள்ள முடியும். என் பூட்டன் தானே அள்ளியிருக்கிறார். கொன்ற வீட்டிலிருந்து பயத்தை மடியில் கட்டிக்கொண்டு கப்பலேறியிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் போனதும் யாரோ ஒருவர், அப்பாவோ தாத்தாவோ பூட்டனேதானோ, கொலைகாரர்களின் பட்டினியைத் தாய்வீட்டுச் சடங்காக மாற்றிச் சொல்லிவிட்டார். மூன்று தலைமுறை நம்பியது. நான் அதை இரண்டு பாகமாக அச்சடித்தும் விட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. கீழத்தெரு மனிதர் என்னைப் பார்த்த பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டே இருந்தது. எட்டு வயதில் நான் அழுத அழுகைக்குக்கூட எனக்குப் பாத்தியதை இல்லை என்று தோன்றியபோது, அப்பாமேல் தாங்கமுடியாத கோபம் வந்தது.

கோமதி சொல்லியிருக்க வேண்டும், அண்ணாச்சி வேகமாக வந்தார். பூட்டன் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"எங்க தாத்தாவுக்குச் சித்தப்பா ஒருத்தர் பினாங்குக்கு ஓடிட்டாருன்னு சொல்லுவாவ" என்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததைப் பார்க்கவேண்டுமே! "ஏ, நீ நம்ம வீட்டுப் பிள்ள! தங்கச்சில்லா முறை! இதை மொதல்லயே சொல்லிருக்கலாமே தாயி!"

"சொல்லியிருந்தா?"

"கடுதாசி என்ன கடுதாசி, புஸ்தகத்த நம்ம கோயில்லயே வச்சு வெளியிட்டிருவோம். அந்த மடை விசயத்த மட்டும் எடுத்திரு. நம்ம குடும்பத்த நாமளே நாறடிக்கலாமா?"

நேற்று எழுதக்கூடாது, ஏனென்றால் நான் அசலூர்க்காரி. இன்று எழுதக்கூடாது, ஏனென்றால் சொந்தக்காரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வாயை அடைக்க ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தார். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவளுக்கு வாயைத் திறந்து வைப்பதுதான் பழக்கம்.

"முன்னாடி ஊரைப் பத்தித்தான் எழுதினேன், அண்ணாச்சி. இனிமே நம்ம குடும்பம்னு பேர் போட்டே எழுதுவேன்" என்றேன். அவர் தங்கச்சியை மறந்து திரும்பவும் மேடத்துக்குப் போய்விட்டார். நாளைக் காலை வரை யோசிக்கச் சொன்னார். மூன்றாம் பாகம் வேண்டுமா வேண்டாமா என்று என்னையே முடிவுபண்ணிக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் கூட்டம் கலைந்த பிறகு கோமதி மடையருகே அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். நாங்கள் இருவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரிகடலையைப் பங்கிட்டுத் தின்றோம்.

"நான் எழுதினதெல்லாம் பொய்யாப் போச்சு, மதினி" என்றேன்.

"அவளத் தண்ணிக்குள்ள இருந்து எந்திரிச்சு நடக்கவிட்டீயளே, அது பொய்யா?" என்றார். "எம் மக வாசிச்சுக் காட்டுனா. இங்கன அவளை நிக்கவேதான் வச்சிருக்கோம். நடக்கவிட்டது நீங்க ஒராள்தான்."

கொஞ்ச நேரம் அண்டாவைத் தேய்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளுக்குப் பேரு உண்டும். உலையில மொத அரிசி போடும்போது எங்க வீட்டுப் பொம்பளைக வாய்க்குள்ள சொல்லுவோம். மாமியா மருமவளுக்குச் சொல்லணும். ஆம்பளைகளுக்குச் சொல்லுததில்ல. ஆவுடை. ஆவுடைன்னு பேரு."

"நான் எழுதலாமா?"

"எழுதிருங்க. கோமதி சொன்னான்னே எழுதுங்க. நான் யாருக்குப் பயப்படணும்? இந்த வீட்டுல நாப்பது வருசமா அவ சோத்த ஆக்கிப் போட்டுப் பட்டினி கெடக்கேன், ஒரு பேரைச் சொல்லக்கூடாதா?"

விடுதிக்குத் திரும்பிப் பதிப்பாளரை அழைத்தேன். மூன்றாம் பாகத்தைத் திரும்ப எழுதப்போகிறேன் என்றேன். முதல் இரண்டு பாகத்தில் கதை சொன்ன குடும்பமே பொய் சொல்லியிருக்கிறது என்று மூன்றாவதில் தெரியவரும், அந்தக் குடும்பம் என்னுடையது என்றேன். "கடிதம் கிடைக்குமா, கிடைக்காதா?" என்றார். கிடைக்காது என்றேன். அப்படியென்றால் முடியாது என்றார். வருத்தமாகத்தான் சொன்னார், நல்ல மனிதர். நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, குப்புறப் படுத்துக் கொஞ்சநேரம் அழுதேன். பிறகு எழுந்து முதல் பக்கத்தை எழுதினேன்.

நாலாம் நாள் காலை தென்காசி பேருந்து நிலையத்துக்கே அண்ணாச்சி வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்திருந்த என்னிடம் ஜன்னல் வழியாக இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று கோயில் முத்திரையோடு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். இன்னொன்று நான் கையெழுத்துப் போடவேண்டிய, எல்லாம் கற்பனை என்கிற தாள். "கோவத்துல எதையும் செய்யாதீய. போடுங்க, வாங்கிட்டுப் போங்க" என்று பேனாவையும் நீட்டினார்.

வாங்கினேன். தட்டச்சு செய்திருந்ததைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே என் கையால் எழுதினேன்: "மடைகாத்தாளின் பெயர் ஆவுடை. அவளை உயிரோடு மடையில் வைத்துக் கட்டியவர்கள் என் குடும்பத்தார்." கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவோடு திருப்பிக் கொடுத்தேன். இதே பக்கம்தான் நாவலின் முதல் பக்கமும் என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வண்டி உறுமத் தொடங்கியது. கத்துவார், தாளைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் ஒரு சொல்லின் மேல் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலில் விளக்கேற்றி, வருடந்தோறும் முதல் வரிசைக்கு இலை போட்டு, ஒரு பருக்கையும் தின்னாமல் வீடு திரும்பிய மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆவுடையா?" என்றார். "அது யாரு?"